நின்றால் குளிரும் வண்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, ஆளில்லாத காட்டுப் பாதையிலும் அல்ல. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிகிற ஒரு வாகனப் பட்டறையில். பார்த்தவன், பேய் என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிற ஒரு மெக்கானிக். இன்றுவரை அவன் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. "அந்த வண்டி" என்பான். அதற்குமேல் பேசமாட்டான்.

அந்த வண்டி அவனுடைய அக்காவுடையது. நோயாளிகளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிச் செல்லும் வேன். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவது அவள் தொழில். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேனை ஏலத்தில் எடுத்துவிட்டாள். பனி கொட்டும் நாடு அது; வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. வண்டி ஓடும்போது ஹீட்டர் சுடச்சுட ஊதியது. சிக்னலில் நின்றாலோ, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாலோ, இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தாலும், அதே துவாரத்திலிருந்து குளிர்காற்று.

"முந்தாநாள் ஒரு அம்மாவுக்கு உதடு நீலமாப் போச்சுடா. டயாலிசிஸ் முடிஞ்சு வெளிய வரும்போதே அவங்களுக்கு உடம்பு வெடவெடன்னு இருக்கும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"வாங்கும்போது என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா வாங்க விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

ஓடினால் சூடு, நின்றால் குளிர் என்றால் காரணங்கள் சிலதான். இஞ்சின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் கூலன்ட் நீர் குறைந்திருக்கும். இல்லை, குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும். இல்லை, வாட்டர் பம்ப் தளர்ந்து, இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சுடுநீரைத் தள்ளத் தெம்பில்லாமல் இருக்கும். அவன் கூலன்டை நிரப்பினான். வண்டியின் மூக்கை மேடேற்றி, மூடியைத் திறந்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினான். அக்கா எடுத்துப் போனாள், திரும்பி வந்தாள். பம்ப் புதிதாகத்தான் இருந்தது, ஆனாலும் மாற்றினான். மறுபடி வந்தாள். டாஷ்போர்டையே கழற்றி, உள்ளே காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டரையும் மாற்றினான்.

மறுபடி வந்தாள்.

செய்த வேலை திரும்பி வருவதைப்போல ஒரு மெக்கானிக்குக் கடுப்பேற்றுவது வேறில்லை. அதுவும் சொந்த அக்கா, பட்டறை வாசலிலேயே நின்று, "என் தம்பிக்கு எல்லா வேலையும் தெரியும், ஹீட்டர் மட்டும்தான் வராது" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னால்? அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தான். அது துள்ளிப் போய் சுவரில் மோதியது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அக்காவையும் அனுப்பிவிட்டான். வண்டியின் புகைபோக்கியில், புகையைப் பட்டறைக்கு வெளியே விடும் குழாயை மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் கையை விட்டான். ஹீட்டருக்குப் போகும் குழாய் சுட்டது. திரும்பி வரும் குழாயும் சுட்டது. இரண்டும் சுட்டால் உள்ளே காற்று குளிர வழியே இல்லை.

"இன்னைக்கு நீயா நானான்னு பாத்துடறேன்" என்று வண்டியிடமே சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். காற்றுத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகினான்.

முதலில் சூடு. பிறகு வெதுவெதுப்பு. பிறகு... பனிக்கட்டியைத் தழுவிக்கொண்டு வருவதைப்போல ஒரு காற்று.

அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான்.

பின்னால், சக்கர நாற்காலியைக் கட்டும் இடத்தில், டக்.

பெல்ட் பக்கிள் கழலும் சத்தம்.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கொக்கியில் மாட்டியிருந்த பெல்ட் மட்டும் தரையில் கிடந்தது. அதுவும் தேய்ந்துபோன பெல்ட்டோ என்று இன்னும் கோபம்தான் வந்தது.

சர்ர்ர்...

ரப்பர் விரிப்பின்மேல் கனமான எதையோ இழுக்கும் சத்தம். நின்றது. மூச்சு வாங்குவதுபோல ஓர் இடைவெளி.

சர்ர்ர்...

இந்த முறை இன்னும் அருகில்.

பட்டறையின் பின்சுவர் திடீரென்று சிவந்தது. கண்ணாடியில் பார்த்தான். வேனின் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அவன் கால் பிரேக்கில் இல்லை.

குனிந்தான். பிரேக் பெடல் தரைவரை அழுந்தியிருந்தது. அடியில் ஷூ முனையைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை.

"யாருடா அது? விடுடா!" என்று கத்தினான்.

கணுக்காலின்மேல் ஒரு பாரம் சாய்ந்தது. பேன்ட்டையும் தாண்டி எலும்புவரை குளிர்...

பதறி உதைத்த கால் ஆக்ஸிலேட்டரில் விழுந்தது. இஞ்சின் உறுமியது. துவாரத்திலிருந்து சூடான காற்று.

காலடியிலிருந்து ஒரு குரல்.

"ஆ..."

வலியில் அல்ல. நிம்மதியில்.

பிரேக் பெடல் மெல்ல மேலே வந்தது. அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

பிரேக் மறுபடி அழுந்தியது.

அவன் எப்போது குதித்தான் என்று அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் அக்காவிடம் வேன் சாவியைக் கொடுக்க மறுத்துவிட்டான். "நாளைக்கு யாரையும் இதுல ஏத்தாதே."

"அப்போ அவங்க எதுல போவாங்க? உன் தோள்லயா?"

"என் கார்ல கூட்டிட்டுப் போ." அவன் தன் காரில் அவளை உட்காரவிட்டதே இல்லை. அவன் மனம் மாறுமுன் அவள் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் வேனை இழுவை வண்டியில் ஏற்றி, ஏலக் கிடங்கிலேயே கொண்டுபோய் இறக்கினான். பயமெல்லாம் வழியிலேயே கோபமாகிவிட்டிருந்தது.

"ஹீட்டர் கெட்ட வண்டியைத் தலையில கட்டிட்டீங்களே, வெக்கமா இல்ல?"

கிடங்குக்காரர் வேனைப் பார்த்தார்.

"ஹீட்டர் கெடலைங்க. முன்னால கெட்டிருந்துச்சு. பம்பு வீக். டிரைவர் பல தடவை சொல்லியும் இதை வெச்சிருந்த கம்பெனியில மாத்தல. ஓடும்போது சூடு வருதுல்ல, அது போதும்னாங்களாம். அந்த ஆளு செத்தப்புறம்தான் மாத்தினாங்க."

"எந்த ஆளு?"

ஒருநாள் ராத்திரி பனியில் வேன் சிக்கிக்கொண்டதாம். உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். குளிரக்கூடாது என்று இஞ்சினை ஓடவிட்டு, டிரைவர் ஆள் தேடிப் போனானாம்.

"எப்போ வந்தான்?"

"போன இடம் கதகதப்பா இருந்திருக்கும் போல. விடிஞ்சு வந்தான்."

மெக்கானிக்கின் கை தானாக முஷ்டியாயிற்று. "அவன் இப்போ எங்க?"

"வேற கம்பெனியில ஓட்டுறான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரியவர் தினம் இதுல போய் வந்தவரு. நின்னா குளிரும், டிரைவர் கீழே எதையோ மிதிச்சா சூடு வரும்னு அவருக்குத் தெரியும். கால் ரெண்டும் வராது. பெல்ட்டைக் கழட்டிட்டு, கையை ஊனித் தரையிலேயே இழுத்துக்கிட்டு முன்னால வந்திருக்காரு. ஆனா ஆயுசுல ஒருநாள்கூட வண்டி ஓட்டாத மனுஷன். எதை அழுத்தணும்னு தெரியாதே..."

அவர் கண் வேனின் முன்கதவுக்குப் போனது.

"நான்தாங்க வண்டியை இழுத்துட்டு வரப் போனேன். பிரேக்லேர்ந்து அவர் கையைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்துச்சு."