உப்பு பூத்த ஏரியில் எடுத்த வேகப்படம்

1. கேட்டு வந்த படம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஜோடி, காதுகுத்து, இவைதான் தொழில். என்னிடம் வருகிறவர்கள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் திட்டுவேன்.

ஒரு சித்திரையில் எங்கள் தெரு மெக்கானிக் சாதிக் வந்தான். பழைய வண்டிகளின் உதிரிகளைச் சேர்த்து, வேகத்துக்கென்றே ஒரு மோட்டார் சைக்கிள் கட்டியிருந்தான். கையில் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாள். அமெரிக்காவில் எங்கோ உப்புப் பாலைவனத்தில் ஒரு நீளமான கார் பறக்கும் படம்.

"அண்ணா, இந்த மாதிரி ஒண்ணு வேணுங்க. மெட்ராஸ் பந்தயத்துக்கு மனு போடறேன். கம்பெனி வண்டின்னா சும்மா சேத்துக்கறாங்க. கையால கட்டுன வண்டின்னா, வேகமா ஓடறப்ப எடுத்த போட்டோ வேணும்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரணும்."

படத்தைப் பார்த்தேன். காருக்குப் பின்னால் ஒரே தூசி. மலையெல்லாம் கோடு கோடாக இழுபட்டிருந்தது.

"எடுத்தவனுக்குக் கை நடுங்கியிருக்கு. நான் இதைவிடச் சுத்தமா எடுத்துத் தர்றேன்" என்றேன்.

2. ஏரி

இண்டூர்ப் பக்கம் ஓர் ஏரி வற்றி, தரை இறுகி, உவர் பூத்து வெள்ளையாகக் கிடந்தது.

"நம்மூரு உப்புப் பாலைவனம் இதுதாங்க" என்றான் சாதிக்.

என்னுடையது குனிந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதன் கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களை எடுக்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதல் ஓட்டத்தில், கண்ணாடியில் வண்டி போன பக்கமே நானும் திரும்பினேன். பிலிமில் விழுந்தது ஒரு கருவேல மரம்.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டியோடு சேர்ந்து சரியாகத் திரும்பி எடுத்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மூன்றாவதற்கு ஸ்டாண்டை ஊன்றி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு போகஸ் வைத்து, ஓடுவதும் அசையாமல் விழும்படி ஷட்டரை வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குத் திருகினேன். கோட்டைத் தாண்டும்போது அமுக்கினேன்.

"இன்னொரு தரம் ஓட்டுனா சூடேறி இன்ஜின் புடிச்சுக்கும்ங்க" என்று வண்டியை அணைத்துவிட்டான்.

3. டார்க் ரூம்

இரண்டாவது ஓட்டத்தின் நெகட்டிவில் அவன் முகமும் பெட்ரோல் டேங்கும் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் இழுபட்டிருந்தது. கெட்டுப்போன நெகட்டிவை வாடிக்கையாளர் கண்ணில் காட்டக் கூடாது என்பது ஸ்டுடியோ சட்டம். அடுப்பில் போட்டேன்.

மூன்றாவது அருமை. சக்கரக் கம்பிகளை எண்ணலாம். ஒரே குறை, பின்னால் எழுந்த தூசி. முகப்பரு, அம்மைத் தழும்பு எதுவானாலும் நெகட்டிவைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். யாரையும் கேட்க மாட்டோம். அரை நாள் உட்கார்ந்து தூசி முழுவதையும் சுரண்டினேன். சாதிக் சாமான் வாங்க சேலம் போயிருந்தான். கெடு நெருங்கியதால் பிரிண்டை நானே தபாலில் அனுப்பினேன். வேலை சுத்தமாக முடிந்த பெருமை எனக்கு.

4. பதில்

நிறுத்தி வைத்த வண்டியின் படத்தை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. சாதிக் கடிதத்தோடு வந்து, என்னிடமிருந்த இன்னொரு பிரிண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"தூசி எங்கங்கண்ணா?"

"சுரண்டிட்டேன்."

"ஏனுங்க?"

"அசிங்கமா இருந்துச்சு."

"வண்டி ஓடுனதே அந்தத் தூசியிலதானுங்க தெரியும்."

சுரண்டிய நெகட்டிவ் திரும்ப முளைக்காது. அவன் கேட்டது போலவே விழுந்திருந்த இரண்டாவது, எரிந்து சாம்பல். மறுபடி எடுக்கலாமென்றால் பெயர் சேர்ப்பதை முடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையது என்று நானே மெட்ராசுக்கு எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. என் தொழிலில் நான் தலைகுனிந்தது அந்த ஒரு முறைதான்.

5. பாஸ்போர்ட் சைஸ்

சில வருடம் கழித்து சாதிக் அந்த வண்டியைப் பிரித்து விற்றுவிட்டு, துபாய் போகப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தான். தாடையில் நீளமாக ஒரு தழும்பு. கை பழக்கத்தில் பிளேடைத் தேடியது. அதற்குள் நான் வழக்கத்தை மாற்றியிருந்தேன். எதையும் தொடுவதற்கு முன் ஒரு பிரிண்ட் போட்டு, படத்துக்கு உரியவரிடம் காட்டிக் கேட்டுவிடுவேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க இருப்பது அது ஒன்றுதான்.

பிரிண்டைக் காட்டி, "இந்தத் தழும்பை எடுத்துரட்டுமா?" என்றேன்.

"வேண்டாங்கண்ணா. அப்புறமும் அந்த ஏரியில ஓட்டுனேன், அப்ப விழுந்தது. நான் ஓட்டுனதுக்கு இப்ப இது ஒண்ணுதான் சாட்சி."

அப்படியே எட்டுப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.