ராஜியின் கன்னத்துத் தழும்பு

செய்தி எனக்கு ஓர்டராகத்தான் வந்தது. "பன்விலையில ஒரு அம்மாவாம். சின்னப் பெட்டி போதுமாம்" என்றார் சாவுக் காரியங்களை நடத்தித் தரும் எங்கள் மலர்ச்சாலையின் புது வேன் சாரதி. பெயரைக் கேட்டேன். ராஜேஸ்வரி, என் ராஜி. பாவி, போன வெள்ளிக்கிழமைதான் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்று என்னோடு சண்டை போட்டாள்.

பதினெட்டு வருடம் இருவரும் ஒரே மேசையில் இறந்தவர்களுக்கு முகம் திருத்தினோம். அவளை நினைக்கக் கூடியிருக்கும் உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். அழகுக்குப் பொதுவான அளவு உண்டு என்பது என் கட்சி. "அப்புடின்னா ஒலகத்துக்கே ஒரு மூஞ்சி போதுமே மல்லிகா" என்பாள்.

ஒருமுறை இறந்துபோன தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குப் பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் வைத்து மகாலட்சுமியாக்கினேன். தாய் எட்டிப் பார்த்து, "இது யாரு புள்ள? எம்புள்ள எங்க?" என்று அலறினாள். எனக்கு வந்தது ஆத்திரம். ராஜி ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். வெயிலில் கறுத்த முகம் வெளியே வந்தது. "என் தங்கமே" என்று தாய் அதன்மேல் விழுந்தாள்.

"நமக்கு அழகா இருந்து என்னாத்துக்கு?" என்றாள் ராஜி பிறகு. "இவங்கள ரொம்பத் தேடப்போறது யாருன்னு மொதல்ல கேளு."

இப்போது அதே மேசையில் ராஜி; அவள் இடது கன்னத்தில் கொதிநீர் பட்ட தழும்பு. கொழும்பிலிருந்து வந்த மகன், "அத மறைச்சிருங்க ஆன்ட்டி, அம்மா அழகா இருக்கணும்" என்றான். மெழுகு வைத்து இழைத்து மறைத்தேன். பொய் சொல்வானேன், ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும், "தூங்குற மாதிரியே இருக்கு" என்றார்கள்.

கடைசியாக அவள் கணவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். சீனி வருத்தத்தில், நீரிழிவில், பார்வை போனவர். கண் தெரியாதவரிடம் முகத்தைப் பற்றி என்ன கேட்பது என்று விட்டிருந்தேன். அவர் கன்னத்தைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இங்கனதானே இருந்துச்சு... இது ராஜி இல்ல. வேற யாரையோ கொண்டாந்துட்டீங்களே!"

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் ஈரத்துணியால் துடைத்தேன். மெழுகு பெயர்ந்தது. அவர் விரல் தழும்பில் போய் நின்றது. அதன்பிறகுதான் அந்த மனிதர் அழுதார்.

ராஜி, உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ரொம்பத் தேடப்போறது யாரு என்ற அந்த ஒரு கேள்வி. அதை உனக்காகக் கேட்க மறந்த இந்தக் கையால்தான் இனியும் முகங்களைத் தொட வேண்டும்.