எத்தனை கிலோ மூட்டை?

மறுநாள் ஆய்வறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயல் வயலாக அலைந்து, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று விவசாயிகளிடம் கேட்டுவந்த நெல் விளைச்சலைக் கணினியில் ஏற்றி, எண்கள் ஒரே மேடாகக் குவிகின்றனவா என்று பார்க்கும் இயல்நிலைப் பரவல் சோதனையை ஓட்டினேன். 0.05-க்கு மேல் வர வேண்டிய மதிப்பு 0.000 என்று வந்தது. வரைபடத்தில் ஒரே மேடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடு. தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதிகமா சொன்னவங்களையெல்லாம் தூக்கிடுடி, சரியாயிடும்" என்றாள் தோழி.

கூட்டிச் சொல்லிவிட்டார்களே என்று எனக்கும் ஆத்திரம்தான். அழிப்பதற்கு முன் அவர்களில் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நெசமாவே ஏக்கருக்கு அறுபது மூட்டையா?"

"ஆமாம்மா. கொள்முதல் நிலையத்துலதானே போட்டேன், அங்க நாப்பது கிலோ மூட்டை. வியாபாரிக்குன்னா அறுபது கிலோ பிடிக்கணும், நாப்பது மூட்டைதான் தேறும்."

எங்கள் வீட்டில் மூட்டை என்றாலே அறுபது கிலோதான்.

ஒவ்வொருவரையாகப் போனில் பிடித்துக் கேட்டு, எல்லாவற்றையும் கிலோவாக்கி, மறுபடி ஓட்டினேன். ஒரே மேடு. மதிப்பும் 0.05-ஐத் தாண்டிவிட்டது.

வெளியூர்ப் பெண்ணாக இருந்திருந்தால் முதல் வயலிலேயே கேட்டிருப்பேன். நான் இந்த ஊர்க்காரி. கேட்கத் தோன்றவில்லை, சந்தேகப்பட மட்டும் தோன்றியது.