ஆர்வியில் ஏறின ஆள்

முதலே சொல்லிப்போடுறன், நான் பேய் பிசாசெண்டு நம்புற ஆளில்லை. புதுக் கார் எடுத்தவுடன ரயருக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிக்கிற எங்கட சனத்தைப் பார்த்து, அதைக் கரைச்சுக் குடிச்சாலாவது வெக்கைக்குச் சுகமாயிருக்கும் எண்டு நக்கலடிக்கிறவன். இஞ்ச ரொறன்ரோவில, வெக்ஸ்போர்ட் பக்கம் என்னைத் தெரிஞ்ச ஆரையும் கேட்டுப் பாரும். அதாலதான் இதை ஒருத்தருக்கும் வாய் திறக்காமல் வைச்சிருந்தனான். உமக்குச் சொல்லுறன், நம்பினால் நம்பும், நம்பாட்டில் கோப்பியைக் குடிச்சிட்டுப் போம்.

எனக்கு மலர் எண்டு ஒரு அக்கா. அவவின்ர மனுசன், அதாவது என்ர அத்தான், ஊரில நடந்த கடைசிச் சண்டைக்க காணாமல் போனவர். செத்ததைக் கண்ட ஆளுமில்லை, உயிரோட கண்ட ஆளுமில்லை. அக்கா சின்னப் பிள்ளையாயிருந்த மகள் துளசியைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வந்து, டோர்செட் பார்க்கில ஒரு அப்பாட்மென்ரில இருந்து, ரெண்டு வேலை செய்து அவளை ஆளாக்கினவ. தாலியும் பொட்டும் இண்டைவரைக்கும் அப்பிடியே.

இப்ப துளசிக்குக் கலியாணம் பேசி எல்லாம் சரி. கலியாணக் காட் அடிக்கப் போகேக்கதான் பிரச்சினை வந்தது. தகப்பன்ர பேருக்கு முன்னால "அமரர்" எண்டு போடுறதோ இல்லையோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் குறை சொல்லேல்லை, ஏதோ ஒண்டைச் சொல்லுங்கோ எண்டுதான் கேட்டவை. அக்கா ஒரே பிடி. "அவற்ர பேருக்கு முன்னால அந்தச் சொல்லைப் போட்டியளெண்டால் நான் மண்டபத்துக்கு வரமாட்டன்." துளசி அழுது, தாயும் மகளும் முகம் பாக்காமல் கொஞ்சக் காலம்.

துளசிதான் ஒருநாள் என்னட்ட வந்தவள். "மாமா, ஆடி அமாவாசைக்கு அப்பாக்கு ஒருக்கா விரதம் பிடிக்கப் போறன். ஐ நீட் டு டூ திஸ். கோயிலில செய்தால் சனம் அம்மாவைக் கேள்வி கேட்டே கொண்டுபோடும். ஆக்களில்லாத இடத்துக்குப் போவம்." மகளைத் தனியக் காட்டுக்கு விடமாட்டன் எண்டு அக்காவும் வெளிக்கிட்டவ. துளசியே ஒரு ஆர்வியை வாடகைக்கு எடுத்தாள். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கேயிருக்கிற வீட்டு வாகனம், அக்காவுக்கு முழங்கால் நோ, கூடாரத்தில படுக்கமாட்டா. நான் ஸ்கூல் பஸ் ஓடுறவன், அதால ஓட்டுறது நான். என்ர மனிசி வசந்தியும் வந்தவ.

ரொறன்ரோவிலயிருந்து வடக்க, மலைக்காட்டுக்க ஒரு ஏரிக்கரை. சுத்திவரப் பைன் மரம், பெரிய பெரிய பாறை, ஏரித் தண்ணி தேத்தண்ணி நிறம். பக்கத்து இடங்களில ஒருத்தருமில்லை. நான் சில்லுக்குக் கீழ கட்டை குடுத்து ஆர்வியை மட்டமாக்கிப் போட்டன். இதை ஏன் சொல்லுறனெண்டால் வாகனம் எனக்குக் கைவந்த சங்கதி. பஸ்ஸில ஒரு பிள்ளை படியில கால் வைச்சால் திரும்பிப் பாக்காமலே என்ர சீற்றில தெரியும், மெலிஞ்சவனோ குண்டனோ எண்டும் சொல்லுவன்.

அமாவாசை அண்டு அக்கா சமைச்சவ. "பிள்ளை பட்டினி கிடக்கிறாள் எண்டதுக்காகச் சமைக்கிறன், வேற ஒண்டுக்குமில்லை" எண்டு சொல்லிச் சொல்லித்தான் சமைச்சவ, ஆனால் ஒண்டும் குறை வைக்கேல்லை, ஆடி அமாவாசைக்கெண்டே பொரிக்கிற அந்தக் கைச்சல் காத்தோட்டிக்காய்கூட இருந்தது. துளசி வாழையிலையில எல்லாத்தையும் போட்டு ஏரிக்கரைப் பாறையில கொண்டுபோய் வைச்சாள். கரடி வரும், வெளியில சாப்பாடு வைக்காதேங்கோ எண்டு காம்ப்காரர் எழுதி ஒட்டியிருக்கினம், நாங்கள் எதைக் கேட்டனாங்கள்? "கா, கா" எண்டு நானும் கூப்பிட்டன், கனடாக் காட்டுக்க நிண்டு. அக்கா ஆர்வியை விட்டு இறங்கவேயில்லை.

காகம் வரேல்லை. அது பரவாயில்லை, ஆனால் கூப்பிட்ட பிறகு காட்டில ஒரு சத்தமுமில்லை, நுளம்புகூடக் காதடியில வரேல்லை. துளசி கடைசியா, மெல்லமா, "அப்பா, வாங்கோ" எண்டாள். பாவம், அவளுக்கு அந்த முகமே வடிவா ஞாபகமில்லை.

பிறகு ஒரே மழை. ஓடி வந்து ஏறிக் கதவைச் சாத்தினம். வசந்தி பின்னுக்குக் கட்டிலில, துளசி சாப்பாட்டு மேசையில, நான் ட்ரைவர் சீற்றில, அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில. பகல்தான், ஆனால் மழையிருட்டு. காகம் எடுக்காமல் எப்பிடிச் சாப்பிடுறதெண்டு எல்லாரும் சும்மா இருக்கிறம்.

அப்ப ஆர்வி தாழ்ந்தது.

காத்து இல்லை, காத்து ஆட்டினால் எனக்குத் தெரியாதே? கதவுப் பக்கம் படி "கிறீச்" எண்டது, வண்டி அந்தப் பக்கம் ஒருக்காச் சரிஞ்சுது, திருப்பி ஒருக்கா, பிறகு உள்தரை ஒவ்வொரு அடியா அமர்ந்து அமர்ந்து அந்தப் பாரம் உள்ளுக்கு வந்தது. கதவு பூட்டினபடி. நல்ல பாரமான ஆம்பிளை. துளசிக்கு முன்னால இருந்த வெறும் சீற் மெத்தை கீழ போனது. அவள் மேசையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறாள்.

அக்கா திரும்பேல்லை. கறியைத் துழாவிக்கொண்டே, ஏதோ நேற்றுப் போன மனுசன் வந்ததுபோல, "கால் ஈரம், துடைச்சுப்போட்டு இருங்கோ" எண்டா.

சொன்ன பிறகுதான் அவவுக்கே விளங்கினது. அகப்பை கையில அப்பிடியே நிண்டது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டவ, பிறகு மெல்லத் திரும்பி அந்த வெறும் சீற்றைப் பார்த்தா. நான் அவ விழுந்துபோடுவா எண்டு எழும்பினன். அவ விழேல்லை. முகம் மலர்ந்துபோய், சத்தியமாச் சொல்லுறன், கலியாணப் பொம்பிளை மாதிரி, "உது அவரில்லை" எண்டா.

"அக்கா..."

"உது அவரில்லையடா. முந்தின சண்டையில செல் துண்டு பட்டு அவருக்கு ஒரு கால் நொண்டியெல்லோ? ஒரு அடி பாரமா வைப்பார், மற்றதை இழுப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நான் கதவு திறக்கிறனான். உது ரெண்டு காலும் நல்ல ஆள். ஆரோ பாவம், கூப்பிட ஆக்களில்லாத ஆள், நாங்கள் கூப்பிடக் கேட்டு வந்திருக்குது." பிறகு துளசியின்ர தலையைத் தடவி, "செத்தவையைக் கூப்பிட்டனி, கொப்பர் வரேல்லைப் பாத்தியே? அவர் இருக்கிறாரம்மா" எண்டு சொல்லி அழுதா. சந்தோசத்தில அழுதா. அண்டைக்கு அக்கா சாப்பிட்டமாதிரி நான் ஒருநாளும் காணேல்லை. ராத்திரி குறட்டை விட்டு நித்திரை. நாங்கள் மூண்டுபேரும் கண் மூடேல்லை, அந்தச் சீற்றில ஒருத்தரும் இருக்கவுமில்லை.

விடிய இலையைப் போய்ப் பார்த்தன், வழிச்சுத் துடைச்ச மாதிரி இருந்தது. அது ரக்கூன் ஏதும் வந்து திண்டது எண்டே வைச்சுக்கொள்ளும். ஆனால் ஒண்டு, ஏறினது எனக்குத் தெரிஞ்சது, இறங்கினது தெரியேல்லை. திரும்பி வரேக்க வழிநெடுக ஸ்ரியரிங்கில அந்தப் பாரம். அக்கா மட்டும் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தா.

ஆர்வியைத் திருப்பிக் குடுக்கிற யார்டில சாமான் எல்லாம் இறக்கி, அக்காவும் வசந்தியும் என்ர காருக்க போய் இருந்திட்டினம். அக்கா உடன காட் அடிக்கிறவருக்குப் போன் பண்ணி, "அமரர் வேண்டாம் தம்பி, பேரை மட்டும் போடுங்கோ" எண்டு சொல்லுறது எனக்குக் கேட்டது. அங்க வேலை செய்யிற வெள்ளைக்காரப் பெடியன் உள்ளுக்கு ஏறிச் செக் பண்ணிப்போட்டு வெளியில வாறான். வாசலுக்கு வந்தவன் நிண்டு, ஒரு பக்கமா ஒதுங்கி, முதல் போங்கோ எண்டு ஆருக்கோ வழி விடுறமாதிரிக் கையைக் காட்டினான். "சொறி, சேர்" எண்டும் சொன்னான். படி ரெண்டுதரம் அமர்ந்து எழும்பினது. வண்டி நிமிர்ந்தது. அவன் தன்ர கையைத் தானே பார்த்துக்கொண்டு நிண்டான், பாவம், தான் என்ன செய்தனெண்டு அவனுக்கே தெரியேல்லை.

அதைத் துளசியும் கண்டவள். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, தாய்க்குக் கேக்காமல், ஒண்டு கேட்டாள். இண்டைக்கும் சிக்னலில நிக்கேக்க, முகம் வழிக்கேக்க, அந்தக் கேள்விதான். கலியாணம் நல்லா நடந்தது, அக்கா சிவப்புக் கூறைச் சீலையில பொட்டோட நிண்டா, அவவின்ர முகத்தைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல? நீர் படிச்ச மனுசன், தெரிஞ்சால் சொல்லும்.

"மாமா, செத்தாப் பிறகும் கால் நொண்டுமோ?"