மிச்சமிருந்த நாலு படம்

அல்சூர் ஏரியில் மூன்று ஞாயிறுகள் காத்திருந்து, கூழைக்கடாப் பறவை ஒன்று தண்ணீரை உதைத்து எழும்புவதைப் படமெடுத்தேன். அதைக் கழுவிப் பார்க்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் முப்பத்தாறு படச் சுருளில் இன்னும் நாலு மிச்சம். அவற்றை வீணாக்கவும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை மனைவியை அலுவலகத்தில் விடும் வழியில், விமான நிலையத்தின் பின்சுவரருகே ஸ்கூட்டரை நிறுத்தினேன். தலையை உரசுவதுபோல் இறங்கிய விமானத்தை இரண்டு முறை எடுத்திருப்பேன். தோளில் ஒரு கை விழுந்தது. போலீஸ்காரர். சுவரிலிருந்த எச்சரிக்கைப் பலகையைக் காட்டி, கன்னடம் கலந்து கேட்டார்.

"போர்டு நோடில்வா சார்? இங்க ஃபோட்டோ எடுக்கக்கூடாது. ஃபிலிமைக் கொடுங்க."

"ஏரியில எடுத்த படமும் இதுலதான் இருக்கு சார். கழுவினதும் கொண்டுவந்து காட்டறேன்" என்றேன்.

அவர் கேமராவை வாங்கிப் பின்மூடியைத் திறந்து, சுருள் முழுவதையும் வெயிலில் உருவிப்போட்டார். கூழைக்கடா போயிற்று.

ஸ்கூட்டரில் ஏறும்போது மனைவி, "அந்த நாலையும் என்னை எடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

இப்போதெல்லாம் நல்ல படம் ஒன்று அமைந்துவிட்டால், மிச்சத்தை வீட்டிலேயே எடுத்து முடித்துவிடுகிறேன். எங்கள் ஆல்பத்தில் ஒவ்வொரு பறவைக்கும் அடுத்த பக்கத்தில், கரண்டியும் கையுமாக அவள் முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.