நைனாவுக்கு இரண்டு முறை பால் தெளித்தோம்

எங்கள் நைனா அவர்களின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். இறந்தவர்களுக்கு ஒரு முறைதான் பால் தெளிப்பார்கள். நைனாவுக்கு இரண்டு முறை தெளித்தோம். முதல் பாலால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

நைனா பிறந்தது மணவூரில், கிணறு வெட்டும் குடும்பத்தில். கல்யாணமான பிறகு திருத்தணிக்குக் குடிவந்து, கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முன்கோபி. அநியாயம் என்று பட்டால் ஆள் பார்க்காமல் கை நீட்டுவார்.

அந்தக் கை போனபோது எனக்கு விவரம் தெரிகிற வயது. திரி வைத்தும் வெடிக்காத குழியை மறுநாள் வரை யாரும் நெருங்கக் கூடாது என்பது குவாரி வழக்கம். மேஸ்திரி பொறுக்கவில்லை, நைனாவை விரட்டினார். குனிந்து பார்த்த நேரத்தில் பாறை வெடித்தது. வலது கை முழங்கைக்கு மேலே பிய்ந்து தோலில் தொங்கியது. அரக்கோணத்து ஆஸ்பத்திரியில் அதை அறுத்து எடுத்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த குவாரி முதலாளி, உயிருள்ளவரை மாதம் எட்டு ரூபாய் வீடு தேடி வரும் என்று எல்லோர் முன்னும் வாக்குக் கொடுத்தார்.

அறுத்த கையை அம்மா பழைய சேலையில் சுற்றித் திருத்தணிக்கு எடுத்துவந்தார். உடம்பில் எது போனாலும் முறைப்படி மண்ணுக்குக் கொடுக்க வேண்டும், நாய் நரி வாயில் பட்டால் மிச்ச உடம்பும் பின்னாலேயே போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மணிக்கட்டில் கிடந்த செப்புக் காப்போடு அதைப் புதைத்துவிட்டு, அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் பால் தெளித்தோம். மேஸ்திரி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணம் வரவே இல்லை. முதலாளி மனம் மாறிவிட்டார் என்று மேஸ்திரி சொன்னதை நைனா நம்பினார். வாக்குத் தவறியவன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒற்றைக் கையால் ஜல்லி உடைத்தே காலம் தள்ளினார். பாதி நாள் கூழ், பாதி நாள் பட்டினி. என் கடைசித் தம்பி அந்தப் பட்டினியில்தான் செத்தான்.

யுத்தம் வந்து அரிசி கிடைக்காமல் போனது. நைனாவின் இடது கையும் நடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் வீம்பை விட்டார். குவாரி எப்போதோ மூடிப்போயிருந்தது. குவாரி வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர், முதலாளி காலமாகி மகன் பட்டணத்தில் மரக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு எங்களை ரயிலில் கூட்டிப்போனார். மகன் நைனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த ஆளு செத்துட்டாரே. மேஸ்திரி பொதைக்கிறதக் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாரு. காரியத்துக்குன்னு எங்கப்பா அவர் கையிலதான் முந்நூறு ரூபா குடுத்தாரு."

கையிழந்த எவனும் வந்து கேட்கலாம், புதைகுழியில் இருப்பது யார் என்று காட்டினால் நம்புகிறேன் என்றார்.

நைனா ரயிலை விட்டு இறங்கி நேரே மேஸ்திரியின் அரிசி மண்டிக்குப் போனார். அந்த முந்நூறில் முளைத்த மண்டி அது. கேட்டு முடிப்பதற்குள் மேஸ்திரியின் ஆட்கள் வந்தார்கள். கீழே தள்ளி உலக்கையால் அடித்தார்கள். பல் தெறித்தது, விலா எலும்பு முறிந்தது. ரத்தம் கக்கியவரைப் பாய்தான் வண்டியில் போட்டு வீடு சேர்த்தார்.

கட்டுப் பிரிப்பதற்குள் முதலாளி மகனை வரவழைத்து, ஊரார் முன் குழியைத் தோண்டச் சொன்னார் நைனா. மேஸ்திரியும் வந்தார். முழு ஆளைத்தான் புதைத்தார்கள், இவன் வேறு ஆள் என்று மலைக்கோயிலைப் பார்த்துச் சத்தியம் செய்தார். தோண்டத் தோண்ட மண்தான் வந்தது. கடைசியில் ஒரு கையின் எலும்பும், பச்சை பிடித்த காப்பும். வேறொன்றும் இல்லை.

"அது என் வலது கை. இது எடது," என்று சொல்லி நைனா அறைந்தார். மேஸ்திரி குழிக்குள் விழுந்தார். நைனாவும் குதித்தார். மார்பில் முழங்காலை ஊன்றி முகத்திலேயே குத்தினார். தடுத்தவர்களிடம், "ஒரு அடிதான் எனக்கு. மிச்சமெல்லாம் எம் புள்ளைக்கு," என்றார். இழுத்துப் பிரிப்பதற்குள் மேஸ்திரிக்கு ஒரு கண் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை, இதை அச்சிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

அதன்பின் மாதா மாதம் பணம் வந்தது. சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த நைனா எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில், அந்த எலும்பைப் பக்கத்தில் வைத்தே அடக்கம் செய்தோம்.

எங்களுக்காக அலைந்து பட்டணம் கூட்டிப்போன பாய்க்கும், தகப்பன் வாக்கைக் காப்பாற்றிய முதலாளி மகனுக்கும், குழி தோண்டியவர்களுக்கும், அன்று நைனாவைக் கொலைகாரராக்காமல் இழுத்துப் பிடித்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டது.

வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அடக்கத்தன்று அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சிலர் புறம் பேசினார்கள். ஏன் அழவில்லை என்று அம்மாவிடமே கேட்டேன். அம்மா சொன்னது இது:

"போன தரம் நான் அழுததப் பாத்துதான் அந்த மேஸ்திரி செத்துட்டாருன்னு போய்ச் சொன்னான். அந்தப் பொய்யிலதான் எம் புள்ள போயிட்டான். எப்படிம்மா அழுவேன்?"

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருக்கிறார். இன்று படையல் வைக்கும்போது அம்மா அழுதால் யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அழவிடுங்கள்.