கேட்காமல் உடைத்த குசினிச் சுவர்

என் பிழையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானிப்பாயில் நாங்கள் வீடு கட்டியபோது என் மனைவி தவமணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவள் சமைக்கப்போகும் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரு யன்னல். "வாற ஆக்கள் கதைக்கிறது எனக்கும் கேக்கட்டுமே" என்றாள்.

மறுத்துவிட்டேன். மீன் மணம் ஹோலுக்கு வரும் என்று காரணம் சொன்னேன். பொய். அவள் என்னைவிடக் கூடப் படித்தவள். கந்தோரில் என்னோடு வேலை செய்யும் நண்பர்களுக்கு முன்னால் யன்னலுக்குள்ளிருந்து என் பேச்சைத் திருத்திவிடுவாள் என்று பயம். குசினியைப் பின்பக்கம் தள்ளி, நடுவில் முழுச்சுவர் எழுப்பினேன். தேத்தண்ணீர்த் தட்டோடு வருவாள், வைப்பாள், போய்விடுவாள்... அப்படியே வயதாகிவிட்டது.

போன வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகத் தவமணி கனடா போனாள். அந்தக் குசினியில் முதல் முறையாக நான் சமைத்தேன். பட்டப்பகலில் லைட் போட வேண்டும். காற்று இல்லை. இதற்குள்தானா அவளை இவ்வளவு காலம் நிறுத்தி வைத்திருந்தேன்?

பரிகாரம் செய்யப் புறப்பட்டேன். அவள் வருவதற்குள் சுவரை உடைத்து, குசினியையும் ஹோலையும் ஒன்றாக்கினேன் — 'ஓப்பின் பிளான்'! பழசும் புதுசும் கலந்து செய்வதுதான் இப்போது ஸ்டைலாம். நிலத்துக்கு நீல ரைல்ஸ், பித்தளை லாம்பு, நடுவில் கருங்கல் மேடை, அதைச் சுற்றி உயரமான ஸ்டூல்கள். முழங்கால் நோவோடு இரண்டு கிழடுகள் வாழும் வீட்டில் ஸ்டூல்கள்! அவளுடைய தேங்காய்த் துருவலையைச் சுவரில் ஆணியடித்து, அதற்கும் ஒரு லைட். டிசைன் செய்தவர் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டார். சமைப்பது யார் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "உங்கடை மனிசி குடுத்து வைச்சவ" என்றார் ஒருவர். நானும் ஓம் என்று தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தவமணி வந்தாள். சுற்றிப் பார்த்தாள். துருவலையைக் கழற்றித் தரச் சொன்னாள், சம்பலுக்குத் தேங்காய் துருவ. அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தாள். யாழ்ப்பாணத்தில் மிளகாய் வறுக்காத வீடு உண்டா? மறிக்கச் சுவர் இல்லை. புகை நேரே ஹோலுக்கு வந்தது. புதுக் குசினி பார்க்க வந்திருந்தவர்கள் இருமி இருமிக் கண்ணைக் கசக்கினார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உந்தச் சட்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய் வறுத்தால் என்ன?"

அதே வாய். அதே புத்தி!

தவமணி சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புற விறகுக் கொட்டிலுக்குப் போனாள். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். அன்றிலிருந்து சமையல் அங்கேதான். கருங்கல் மேடையில் என் மருந்துப் போத்தல்கள் மட்டும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கொட்டில் வாசலில் போய்க் கத்தினேன். "உமக்காகத்தானே உடைச்சனான்!"

அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "அண்டைக்கு யன்னல் கேட்டன், சுவர் வைச்சியள். பிறகு அந்த இருட்டுக்கை இருந்து இருந்து, அதை என்ரை இடமாக்கினன். உங்கடை கண் படாத இடம் எனக்கு அது ஒண்டுதான். இப்ப அதையும் உடைச்சுப்போட்டியள். ரெண்டு தரமும் என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

"இப்ப யன்னலே இல்லை, எல்லாம் திறந்துதானே கிடக்கு. நல்லாக் கேக்குமே..."

"என்னத்தைக் கேக்க? அப்ப கதைக்க ஆக்கள் இருந்தினம். இப்ப உங்கடை ரீவிதான் கதைக்குது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல்? அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லையே. வாசலிலேயே நின்றேன். கடைசியில், அந்த வீட்டின் முதல் கல் வைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். உமக்கு என்ன வேணும்?

யோசிக்கவே இல்லை. "சுவர். அதிலை ஒரு யன்னல். பிறகு ஒரு கதவு. உள்ளுக்குக் கொண்டி போடுற மாதிரி."

சுவர் எழுந்தது. யன்னலை எந்த உயரத்தில் வைப்பது என்று அவளே மேசனுக்குக் காட்டினாள். கதவும் போட்டாயிற்று.

இப்போதெல்லாம் நான் தட்டுகிறேன். சில நாள் திறக்கிறாள்.